வடி

உரக்கடையில் இனாமாய்க் கொடுத்த டைரியின்
முதல் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது.
'இந்த ஆண்டுக்கு என் சொல்' என்று
மேலே பச்சை மையில் அச்சடித்து,
கீழே யூரியா மூட்டையின் படம்.

கூட்டுறவுச் சங்கத்தில்
என் பக்கத்து நாற்காலி ரெஜினாவுக்கு இது சுலபம்.
முப்பத்தொன்றாம் தேதி நள்ளிரவுப் பூசையில்
தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுப்பாள்.
வசனம் வந்துவிடும்.
வருஷம் முழுக்க அது
கால்குலேட்டருக்கு அடியில் கிடக்கும்.
"நீயே எழுதிக்கடி" என்றாள்,
"உனக்குத் தட்டு நீட்ட யாரு இருக்கா?"

எழுதிப் பார்த்தேன்.
பொறுமை ஏற்கெனவே என்னிடம்
ஒரு மூட்டை இருக்கிறது, எலி கடித்து.
துணிவை, தலைஞாயிறு மினிபஸ்ஸின் பின்கண்ணாடியில்
யாரோ முந்திக்கொண்டார்கள்.
மகிழ்ச்சி என்று எழுதியதும் பக்கம்
ஜவுளிக்கடைப் பை மாதிரி ஆகிவிட்டது.
கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு
எல்லா வருஷமும் ஒரே சொல்தான்:
தள்ளுபடி.
அது நான் எழுதக்கூடிய சொல் அல்ல.
சீல் மட்டும்தான் என் கையில்.

மேட்டூர் திறக்கும் மாதத்தில்
இந்த ஜில்லா முழுதுக்கும் சொல் ஒன்றுதான்: வா.
கல்லணை தாண்டியாச்சா, எங்க வருது, எத்தனை அடி என்று
பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.
எங்கள் கடைமடைக்கு அது நடந்து வருவதற்குள்
ஆவணி முடிந்துவிடும்.
பிறகு வானமே கொட்டும்போது,
வா என்று கூப்பிட்ட வாயாலேயே
போ என்று சொல்ல எங்களுக்குக் கூச்சம்.

டிசம்பர் இருபத்தெட்டில் பிடித்த மழை.
முற்றி நின்ற என் நாலு மா
தண்ணீரில் முகம் வைத்துப் படுத்தது.
அது வடிய வேண்டுமானால்
சித்திரவேலின் வயல் வழியாகத்தான்.
சித்திரவேல் என் தம்பி.
பாகம் பிரித்த அன்று அவன் சொன்ன ஒரு வாக்கியம்
மூன்று வருஷமாய் எனக்குள்
முழங்கால் அளவு நிற்கிறது.
நான் பதிலுக்குச் சொன்னது
அவனிடம் எவ்வளவு நிற்கிறதோ,
அளந்ததில்லை.

இயக்கு அணையில் வைரக்கண்ணு சொன்னார்:
"இப்ப ஷட்டரத் தூக்குனா கடல் உள்ள வரும்.
ரெண்டு மணிக்கு மேலதான் கடல் வாங்கும்.
அதுவரைக்கும் மம்முட்டிய வச்சிக்கிட்டு நில்லுங்க."

ரெஜினா பூசைக்குப் போயிருந்த இரவு.
இரண்டே காலுக்குச் சங்கிலி கிறீச்சிட்டது.
டார்ச்சோடு வரப்பில் போனேன்,
தம்பியை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று
வாயில் உருட்டிக்கொண்டே.

நடுவரப்பு ஏற்கெனவே வெட்டியிருந்தது.
வெட்டு, வலப்பக்கமிருந்து இடப்பக்கமாய்ச் சரிந்திருந்தது.
எங்கள் தெருவில் ஒருத்தன்தான் இடக்கையன்.
ஆள் இல்லை.
பீடி வாசனை இன்னும் கரைந்திருக்கவில்லை.
என் வயலிலிருந்து அவன் வயலுக்கு
தண்ணீர் யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது,
ஒரு நண்டும் கூடவே.

படுத்த கதிர் எழவில்லை.
பாதி முளைவிட்டிருந்தது.
கொள்முதலில் மெஷின் வைத்துப் பார்த்து
ஈரப்பதம் இருபத்திரண்டு என்று திருப்பி அனுப்புவார்கள்.
வடிந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று
யாரும் நினைக்க வேண்டாம்.

விடிந்து உலை கொதித்து
பானையைச் சாய்க்கும்போது
சொல் கையில் சுட்டது.
சோற்றுக்கும் அதுதான், வயலுக்கும் அதுதான்,
கண்ணுக்கும் அதுதான்.
கல்லின் முன் உட்கார்ந்திருக்கும் சிற்பிக்கும்
வேறு வினைச்சொல் தரவில்லை தமிழ்.

"என்னடி இது, சமையல் குறிப்பா?"
எட்டிப் பார்த்து ரெஜினா சிரித்தாள்.
அவளுக்கு இந்த வருஷம் வந்திருப்பது
திராட்சைக் கொடி பற்றி.

டைரியும் அன்றிரவு பையோடு நனைந்திருந்தது.
கட்டத்துக்குள் எழுதிய இரண்டெழுத்து
மை பரவி, கோட்டைத் தாண்டி,
யூரியா மூட்டை வரை போயிற்று.
ஒற்றி எடுக்கவில்லை.

தம்பிக்கு இன்னும் போன் பண்ணவில்லை.
அவனும் பண்ணவில்லை.
வெட்டிய வரப்பை
இரண்டு பேருமே இன்னும் அடைக்கவில்லை.