பால்பல்

விழப்போகிற பல்தானே என்றேன்.
பல் மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை.
விளக்கை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி
"நீங்களே பாருங்கள்" என்றார்.

மேல்வரிசையில் நான்கு.
ஈறோரம் பழுப்பு,
கோப்பிக்கடைக் குவளையின் அடியில்
கழுவியும் போகாத கறை மாதிரி.
அகரனுக்கு மூன்று வயது ஒன்பது மாதம்.
இத்தனை நாளும் அவன் சிரிப்பை மட்டும்தான்
பார்த்திருக்கிறேன் போல.

தூங்கும்போது என்ன கொடுப்பீர்கள்?
பால்.
புட்டியிலா?
ஆமாம்.
வாயில் வைத்தபடியே தூங்கிவிடுவானா?
பிரமிளா என்னைப் பார்த்தாள்.
நான் சுவரில் ஒட்டியிருந்த முதலையைப் பார்த்தேன்.
அதற்கு எல்லாப் பற்களும் வெள்ளை.

அவளுக்கு வாரத்தில் நான்கு இரவு
சாங்கியில், சரக்குப் பிரிவில் வேலை.
எனக்கு விடியற்காலை நாலே முக்காலுக்குப்
பேருந்துப் பணிமனை.
பொங்கோலில் பதினோராம் மாடி.
சுவருக்கு அந்தப்பக்கம் திருமதி கோ,
டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருக்கும் அவர் கணவர்.
பிள்ளை சிணுங்கத் தொடங்கினால்
புட்டியை நீட்டுவேன்.
புளோக் முழுவதும் மறுபடி உறங்கும்.
பால் மட்டும் உறங்காமல்
அந்த நான்கின் பின்னால்
குட்டிக் குளமாகத் தேங்கி நின்றிருக்கிறது.

பால் தின்ற பல்லுக்குத்தான்
பால்பல் என்று பேர் வைத்தார்களா?
கேட்க வந்து
பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மயக்கம் கொடுத்து எடுத்த நாள்
வெறும் வயிற்றோடு ஏழு மணியிலிருந்து காத்திருந்தான்.
முகமூடியில் ஸ்ட்ராபெரி வாசனை என்றார்கள்.
விழித்ததும் என்னைத்தான் அடித்தான்.
தாதி ஹஸ்லினா
பல் வடிவப் பெட்டி ஒன்றில்
நான்கையும் போட்டுக் கொடுத்தார்.
நொய்யரிசி மாதிரி இருந்தன.

கூரைமேல் எறி, நல்ல பல் முளைக்கும்
என்றார் பணிமனையில் ராஜமாணிக்கம்.
எங்கள் கூரை ஐந்து மாடி மேலே,
பூட்டிய இரும்புக் கதவுக்குப் பின்னால்.
சன்னல் வழியே எறிந்தால் அபராதம்,
மின்தூக்கியில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.
பெட்டி இன்னும்
பழைய பயண அட்டைகளோடு இழுப்பறையில் கிடக்கிறது.

இப்போது அவன் தண்ணீர் என்றால்
காற்று வருகிறது.
நாக்கு முட்டப் போகிறது,
அங்கே கதவைக் காணோம்.
தோசை, அத்தை, பத்து
எல்லாமே ஒழுகுகின்றன.
அப்பா மட்டும் சேதமில்லாமல் வருகிறது.
அப்பா என்று சொல்ல உதடு போதும்.
மன்னிப்பா இது, தண்டனையா
தெரியவில்லை.

இரவு எட்டரை. அவன் தலை என் மடியில்.
பட்டாணியளவு பசை.
மீதிப் பதினாறு,
பல்லுக்கு ஒரு நிறுத்தம்.
பேர் சொல்லிச் சொல்லி ஓட்டுகிறேன்.
கடைவாயில் முனையம்.
வண்டியை நிறுத்திவிட்டுக் கடைசி இருக்கைவரை
நடந்து பார்ப்பேனே, அதே மாதிரி பார்க்கிறேன்.
"ஒரு ஆள் இருக்கார்" என்கிறான், வாயைத் திறந்தபடி.
இருந்தார். கீரை.

அவன் தங்கை மிதுளாவுக்கு எட்டு மாதம்.
போன வாரம் கீழீறில் வெள்ளைப் புள்ளி.
நேற்று இரண்டு மணிக்குக் குடித்து முடித்தாள்.
புட்டியை உருவி
ஈரத் துணியால் அந்தப் புள்ளியைத் துடைத்தேன்.
கண்ணைத் திறந்தாள்.
பிறகு பதினோராம் மாடியே விழித்தது.

நடைபாதைக்குத் தூக்கி வந்தேன்.
பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.
கம்பிக் கதவுக்குப் பின்னால் திருமதி கோ,
பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்.
சாரி என்று வாயெடுத்தேன்.
அவர் தன் ஈறைத் தொட்டுக் காட்டி
"கிகி?" என்றார்.
பல்லுக்கு மலாயில் அதுதான் பேர்.
அதைச் சொல்லவும் பல் வேண்டியதில்லை.

கிகி, என்றேன்.