சொந்தப் பேனா

தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
அதன் இடத்தில் நான்கு மேசை போட்டிருக்கிறோம்.
டீசல் வாடைக்கு நடுவே வாக்குப்பெட்டி.
லௌசிட்ஸ் நிலக்கரிப் பள்ளம்
பாதித் தெருவை விழுங்கிவிட்ட எங்கள் ஊரில்
இந்தமுறை காலை எட்டு மணிக்கே வரிசை.

இருபது வருஷமாய் வராத சில்வியோ வந்தான்,
மழித்த முகத்தோடு,
கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி.
நூலில் கட்டியிருந்த பென்சிலைத் தள்ளிவிட்டு
சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தான்.
"பென்சிலென்றால் அழித்துவிடுவீர்கள்" என்றான்,
போன செவ்வாய்தான் அவன் அம்மாவின்
கால்புண்ணைக் கழுவிக் கட்டிய என்னிடம்.
சாயங்காலத்துக்குள் இன்னும் பத்துப் பேர்
சொந்தப் பேனாவோடு வந்தார்கள்.

ஹான்ஷா நொவோத்னாவும் வந்தாள்.
அவள் மொழியில் இருந்த ஊர்ப்பலகை எழுத்தின்மேல்
யாரோ கறுப்பு மை பீய்ச்சியிருந்தார்கள்.
"யாருக்குப் போடுவதென்று தெரியாது கெசீனே,
யாருக்கு எதிராகப் போடுவதென்று தெரியும்."
சில்வியோ பிடித்துக்கொண்டிருந்த கதவின் வழியே
அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினாள்.
பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள்.

நூற்றுக்கு எண்பத்தொரு பேர்!
குழுத் தலைவர் வொல்ஃப்ஹார்ட்டுக்கு முகமெல்லாம் பல்.
"ஜனநாயகம் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது, பார்."

நான் வீடு வீடாகப் போகும் செவிலி.
நாடி ஏறியிருப்பது உண்மைதான்.
ஓடிவந்தவனுக்கும் ஏறும்,
காதலிக்கிறவனுக்கும்,
காய்ச்சல்காரனுக்கும்.
மணிக்கட்டு காரணம் சொல்லாது.

பேருந்தை நிறுத்தியபோது
எங்களைக் கேட்க வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.
நாற்காலி போட்டு, சூப் ஊற்றிக் கொடுத்து,
இரண்டு மணிநேரம் கேட்டார்கள். பொய் சொல்ல மாட்டேன்,
நானும் இரண்டு கிண்ணம் குடித்தேன்.
கேட்டு முடித்து,
நோய் என்னவென்று சொல்லாமல்
யாரால் வந்ததென்று மட்டும்
எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.
பேருந்து வரவில்லை.
ஊரின் ஒரே மருந்துக்கடைக்காரர்,
ஹோம்ஸ் நகரத்திலிருந்து வந்தவர்,
ஜன்னல் கண்ணாடியை இரண்டு தடவை மாற்றிப் பார்த்துவிட்டு
லைப்சிக்குக்குக் குடிபோனார்.
சில்வியோவின் அம்மாவுக்குக் களிம்பு வாங்க
இப்போது முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறேன்.

போன தேர்தலில் அவர்கள் சுவரொட்டியில் மட்டும்
ஒரு சொல் இருந்தது.
இந்தத் தேர்தலில் அது எல்லார் சுவரொட்டியிலும்,
கொஞ்சம் வளைந்த எழுத்தில்,
பக்கத்தில் ஒரு சூரியகாந்தி வரைந்து.

ஆறு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்தோம்.
கைகட்டிச் சுவரோரம் நின்ற இரண்டு பேர்
எங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பார்க்கட்டும், சட்டம் அனுமதிக்கிறது.
பத்துப் பத்தாய் அடுக்கும்போது
எந்தப் பெயரிலும் குறியில்லாத ஒரு சீட்டு.
குறுக்கே, நீலப் பேனாவில்,
கொட்டை கொட்டையாய்:
பேருந்து எங்கே?

செல்லுமா, செல்லாதா?
விதிப்படி ஐந்து பேரும் கை தூக்கவேண்டும்.
பேச்சை விட்டு மாதங்களான நாங்கள்
ஒரு காகிதத்தின்மேல் தலைகள் முட்டக் குனிந்து,
கத்தி,
மறுபடி வாசித்து,
சுவரோரத்து ஆள் "அது எங்களுக்கு விழுந்த ஓட்டு" என்றபோது
ஒரே குரலில் அவரை அடக்கி,
அன்றைக்கு அந்த ஒருமுறைதான் ஒரே குரல்,
கை தூக்கினோம்.
மூன்றுக்கு இரண்டு: செல்லாது.
மூன்றாவது கை என்னுடையது.

செவ்வாய்க்கிழமை புண் கொஞ்சம் ஆறியிருந்தது.
சில்வியோ வாசற்படியில் சாய்ந்து நின்றான்,
பையில் பேனாவின் நீல மூடி.
"எண்ணினீர்களா?"
"எண்ணினோம்."
"எல்லாவற்றையுமா?"

கட்டுத்துணியை
தேவைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினேன்.