இரவுப் பணிப் பதிவேடு

ஆயிரத்து நானூற்றுப் பத்து மீட்டர்.
துளைத்து வந்த சல்லியைச் சல்லடையில் அலசுகிறேன்.
கறுப்பு. கறுப்பு. சாம்பல்.
அப்புறம் பாசிப்பயற்றுத் தோல் நிறத்தில்
கடுகளவு ஒரு மினுக்கம்.
எபிடோட்.
கொதிநீரில் நெடுங்காலம் ஊறிய பாறைதான்
இந்தப் பச்சையைப் பூசிக்கொள்ளும்.
ரேடியோவில் சொன்னேன்.
கோபுரத்தின் உச்சியில் யாரோ சீழ்க்கையடித்தார்கள்.

மூன்று மணிக்குச் சேறு நின்றது.
உள்ளே அனுப்பியது மேலே திரும்பவில்லை.
எண்ணெய்க் கிணற்றில் இதற்குத் திட்டு விழும்,
இங்கே கைகுலுக்கினோம்.
பூமி விழுங்கினால்
அதற்கு வாய் இருக்கிறது என்று அர்த்தம்
என்றார் பொறியாளர் ஸெரிது.
அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கோபுரத்துக்குக் கீழே, இரண்டு கல்லெறி தூரத்தில்,
அக்கா மொமினாவின் நீராவிப் பொந்து.
போய்னா என்போம் அஃபாரில்.
நிலம் மூச்சுவிடும் இடத்தைச் சுற்றிக் கல் அடுக்கி
மேலே கிளையும் பாயும் போர்த்தி
ஆவியை மடக்கிப் பிடித்தால்
விடிவதற்குள் சொட்டுச் சொட்டாய்
மஞ்சள் கேன் ஒன்று நிறையும்.
இருபது லிட்டர்.
கொஞ்சம் அழுகிய முட்டை வாசம்.
இந்தப் பக்கம் ஆறு கிடையாது,
மழை வந்தால் அது செய்தி.
நான் வளர்ந்தது அந்தக் கேனில்தான்.

நாற்பது நாள் கிணற்றின் வாயைக் கட்டிச்
சூடேற விட்டு
வால்வைத் திறந்தோம்.
முதலில் ஓர் இருமல். காவி நிறத் தண்ணீர்.
பிறகு அது எழுந்து நின்றது,
வெள்ளை வெளேரென்று,
ஒருவர் பேச்சு ஒருவருக்கு எட்டாதபடி.
ஐந்து மெகாவாட் என்று
ஸெரிது ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.
ஜிபூட்டி நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள்
வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள்.
நானும் எடுத்தேன்.

நாலாம் நாள் விடியலில் அக்கா வந்தாள்.
அந்த இரைச்சலில் என்ன சொல்வாள்?
கேனை
ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினாள்.

கிணற்றாலா, காற்று காய்ந்ததாலா,
பாயில் கிழிசலா?
ஒருநாள் அளவை வைத்து
ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார் ஸெரிது.
நியாயம்தான்.
பதிவேட்டில் பதினான்கு கட்டம்:
ஆழம், அழுத்தம், வெப்பம், கந்தகம்…
ஓரத்தில் ஸ்கேல் வைத்து
இன்னொரு கோடு கிழித்தேன்.

திங்கள்: ஆறு லிட்டர்.
செவ்வாய்: ஐந்தரை.
புதன்: ஏழு.
வியாழன்: தெரியாது, ஆடு கவிழ்த்துவிட்டது.
வெள்ளி: இன்னும் விடியவில்லை.