முதல் வண்டிக்கு முந்தைய வண்டி

நாலரை ஓசூர் வண்டிக்கு நான்தான் கண்டக்டர்.
அதற்கு முன்னால் அணைப்பக்கமிருந்து
கிருஷ்ணகிரிக்கு எந்தப் பஸ்ஸும் கிடையாது.
ஆகவே சைக்கிள்.

சென்னையில் புயல் என்று
ராத்திரி டிவியில் கத்தினார்கள்.
அங்கே மரம் விழும், தெருவில் படகு விடுவார்கள்.
எங்களுக்கு வருவது அதன் மிச்சம்,
மூன்று நாளைக்கு ஊசித் தூறல்.
கொட்டியும் தொலைக்காது
விட்டும் தொலைக்காது.

காக்கிச் சட்டையை மடித்துப் பாலிதீன் பையில் போட்டு
கேரியரில் டியூப் ரப்பரால் இறுக்கியாயிற்று.
பேன்ட்டுக்கு மாற்று இல்லை.
முன்சக்கர மட்கார்டு ஆடியிலேயே உடைந்தது,
சக்கரம் அள்ளும் சேறு
நேராக என் முகவாய்க்கு.

அவதானப்பட்டி ஏரி வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது.
வட்டிக்காரன்போல எதிரில் நின்று
சட்டைக் காலரைப் பற்றி
எங்கேடா போறே என்கிற காற்று.

டைனமோ விளக்குக்கு ஒரு குணம்.
வேகமாகப் போனால் வெளிச்சம்.
மேட்டில், மூச்சு வாங்கி, குழி எது ரோடு எது
என்று தெரிந்தாக வேண்டிய இடத்தில்
மங்கிவிடும்.
கிரானைட் ஏற்றிய டிரெய்லர் ஒன்று
பக்கத்தில் போனபோது
ஒரு நொடி எல்லாம் தெரிந்தது,
அடுத்த நொடி வாய் நிறையச் சாலைத் தண்ணீர்.

மேம்பாலத்தடியில் தினமும் ஒருவன் எதிரே வருவான்.
கல் பாலிஷ் கம்பெனியில் இராவேலை முடித்து.
முகம் பார்த்ததில்லை, மணிதான் பழக்கம்.
என் நெஞ்சில் முட்டும் இதே காற்று
அவன் முதுகைத் தள்ளுகிறது.
பெடலைத் தொடாமலே வருகிறான், பாவி.
அடித்தான். நானும் அடித்தேன்.
என் மணிக்குள் தண்ணீர்,
டொக் என்றது.

அவன் வேலைக்குப் போகும் சாயங்காலங்களில்
காற்று எந்தப் பக்கமோ.
கேட்டதில்லை.
கேட்க நின்றால்
நாலரை வண்டி போய்விடும்,
போகாது, நான் இல்லாமல் எப்படிப் போகும்,
ஆனாலும்.

டிப்போவில் பர்கத் பாஷா என்ஜினை உறுமவிட்டிருந்தார்.
"என்னா திம்மராஜ், டேம்ல குதிச்சு வந்தியா?"
சட்டை மாற்றினேன். தலை துவட்டத் துண்டு இல்லை.
மெஷினைக் கழுத்தில் மாட்டி விசில் ஊதியபோது
நாலு முப்பத்து மூன்று.

ஸ்வெட்டர் போட்ட சூளகிரி டிக்கெட் சொன்னார்:
"மூணு நிமிஷம் லேட்டு.
மழைன்னா உங்களுக்கு ஒரு சாக்கு."
சீட்டைக் கிழித்து நீட்டினேன்.
அவர் மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது.
இன்னொன்று.
அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.
பக்கத்து சீட்டுக்காரரிடம்,
"கவர்மெண்டு வண்டி, ஒழுகுது பாருங்க" என்றார்.

நானும் அண்ணாந்தேன்.
காய்ந்த தகரம், வரிசையாய் ஆணி.
தலைமுடியிலிருந்து காதோரம் ஒரு கோடு இறங்கிற்று.

"ஆமா சார், எழுதிப் போட்டுடறேன்.
ரெண்டு ரூபா சில்லறை இருக்கா?"