காப்பாக் போடோ

பத்து ஐம்பதுக்கு மூன்றாம் நம்பர் லோரி
எடைமேடையில் ஏறியபோது
டிரைவருக்குப் பக்கத்தில் தங்கையா உட்கார்ந்திருந்தார்,
வலது கையை இடது கையில் ஏந்தி,
அது வேறு யாருடையதோ போல.

உதிரிப்பழம் பொறுக்கக் காய்ந்த மட்டைக்குள் கைவிட்டாராம்.
சுவார்தோ தள்ளி நின்று எடுத்த படத்தைக் காட்டினான்:
சருகு நிறம், முதுகெல்லாம் முக்கோணம்.
கடித்த பிறகும் நகராமல் அங்கேயே கிடந்ததாம்.
அதனால்தான் மலாயில் காப்பாக் போடோ,
முட்டாள் கோடரி.

மண்டோர் துண்டை முறுக்கினார், முழங்கைக்கு மேல் இறுக்க.
யாரோ பிளேடு கொண்டுவந்தார்கள், கீறிவிட.
இன்னொருவர் உறிஞ்சி எடுக்கக் குனிந்தே விட்டார்.
"கட்டாதீங்க. கீறாதீங்க. வாய வைக்காதீங்க.
அவர நடக்க விடாதீங்க."
இருபது டன் லோரியை நிறுத்தும் குரல் எனக்கு.
நின்றார்கள்.

சவர்க்காரம் தடவி மோதிரத்தைக் கழற்றினேன்.
எடைப் பேரேட்டின் அட்டையைக் கிழித்துக்
கைக்கு அடியில் கொடுத்து
அதே துண்டால் தளரச் சுற்றினேன்.
வீக்கம் நின்ற இடத்தில் ஒரு நீலக் கோடு,
பக்கத்தில் 10.55.
நாளெல்லாம் நான் எழுதுவது இதுதானே,
வந்த நேரம், ஏறிய கனம்.

மிஞ்சியது மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு.
மாரியம்மனுக்கு முந்தாநாள் கட்டிய காப்பு.
ஞாயிறு தீமிதி.
காப்புக் கட்டியவன் ஊர் எல்லை தாண்டக் கூடாது.
விஷமுறிவு மருந்தோ சுங்கைப்பட்டாணியில்.

"அத மட்டும் விட்டுரும்மா."
வந்ததிலிருந்து அவர் பேசியது அவ்வளவுதான்.
கயிறு சதைக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது.
பிளேடைக் கேட்டேன்.
யாரும் தரவில்லை.
கீழே கிடந்ததை எடுத்து
சுவார்தோ தந்தான்.

எஸ்டேட் வளைவைக் கார் தாண்டும்போது
கண்ணை மூடிக்கொண்டாராம்.

இன்று ஆறாம் வார்டில்
அவர் கையில் ஒன்பது கோடுகள்.
முதலாவது என் கையெழுத்து.
கடைசி நான்கும் ஒரே இடத்தில், நர்ஸ் போட்டவை.
நேற்று அவரில்லாமல் பூக்குழி இறங்கினார்கள்.
பூசாரி என்னைப் பார்த்தும் பார்க்காமல் போனார்.

அமராவதி அக்கா மட்டும் எடைமேடை ஜன்னலுக்கு வந்தார்,
அந்தக் கயிறு எங்கே என்று கேட்க.
டிராயரில்தான் இருந்தது, அன்றைய சீட்டுகளுக்கு நடுவே.
கொடுக்குமுன் விரலில் தொங்கவிட்டுப் பார்த்தேன்.
இந்தத் தராசு
இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும்
காட்டுவதில்லை.