நிகர எடை

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம்.
தண்ணீர் மட்டுமே அறுநூற்றெண்பது கிலோ.
கண்ணாடி, மணல், இரும்புத் தாங்கி,
அதோடு ஒற்றை அரோவானா.
ஒரு டன்னுக்குச் சற்றே கீழே என்று
காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் காட்டினேன்.
தம்பி சிரித்தான்.
"மீனு மிதக்குதுலா அக்கா, அதுக்கு ஏது எடை?"

பகாவ் செம்பனை ஆலையில்
எடைமேடைச் சன்னலுக்குள் பதினோரு வருடம் இருக்கிறேன்.
மிதப்பதற்கும் எடை உண்டென்று
எனக்கு யாரும் சொல்லவேண்டாம்.

தவநேசன் சிங்கப்பூரிலிருந்து வந்தது
இரண்டே வாரத்துக்கு.
துணிப்பை ஒன்று. லாரியில் தொட்டி.
மீனை மட்டும் பையில் கட்டி
மடியில் வைத்து, அதற்கும் சேர்த்து பெல்ட் போட்டு.
அவன் மனைவியைப் பற்றி நான் கேட்கவில்லை.
தொட்டியை எங்கே வைப்பது என்றுதான் பேசினோம்.

வீடு பலகை வீடு.
இரண்டரை அடி சிமெண்டுக் கால்களின் மேல் நிற்பது.
யாராவது வேகமாக நடந்தால்
அலமாரிக் கிண்ணங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்.
சன்னலோரம் வேண்டும் என்றான்.
சன்னல் சுவர் தளக்கட்டையின் போக்கிலேயே ஓடுகிறது,
முழுப் பாரமும் ஒரே கட்டையின் முதுகில் ஏறும்.
குறுக்கே வை, நாலு கட்டை பங்கு போடட்டும் என்றேன்.
"அங்க டிவி இருக்கே."
டிவியை நகர்த்தினோம்.

அப்பா செத்த அன்னிக்கு
அறுபது பேர் நின்ன தரை, ஒன்னும் ஆகலையே என்றான்.
நின்றார்கள். அழுதார்கள்.
ஐந்து மணிக்குப் போய்விட்டார்கள்.
வந்துபோகிறவர்களை மரம் தாங்கிக்கொள்ளும்.
இறங்காத பாரத்துக்கு
கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல், வளையும்.

ஞாயிறு.
நான்தான் ஒல்லி, அதனால் நான்தான் கீழே.
நெற்றியில் டார்ச், வாயில் பென்சில்,
முழங்கைக்கு அடியில்
என்றோ இடுக்கில் விழுந்த நாலு நம்பர் சீட்டு.
கரையான் கோடு ஒன்றைச் சுரண்டினேன்: பழையது, உள்ளே யாருமில்லை.
மூன்றாவது கட்டை மட்டும்
திருப்புளியைப் பழைய கேக் மாதிரி உள்ளே விட்டது.

பக்கத்து வீட்டு ரொஸ்லான் லாரி ஜேக்கி தந்தார்.
வேலிக்கு அப்பால் நின்று
"பெலான் பெலான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.
கால் சுற்று. நிறுத்தினேன்.
மரம் 'ம்' என்றது.
இன்னொரு கால் சுற்று.
ஆ லெக் கடையில் அறுத்து வந்த மெராந்திக் கட்டைகளைப்
பழையவற்றின் விலாவோடு சேர்த்து
போல்ட் முடுக்கினேன்.
கீழே குறுக்காக ஒரு விட்டம், அதற்கு மூன்று முட்டு,
ஒவ்வொரு முட்டுக்கும் காலடியில் ஒரு சிமெண்டுப் பலகை.
இந்த ஊர் மழைக்கு மண்ணை நம்பக்கூடாது.

மேலே அவன் நடப்பது கேட்டது.
சன்னல் வரை. திரும்பி வாசல் வரை.
கைப்பேசி விசைகள் ஒலித்தன. யாரோடும் பேசவில்லை.
தரைக்கு அடியில் படுத்திருந்தால் தெரியும்,
ஓர் ஆள் தன் எடையை
எந்தக் குதிகாலில் ஒளித்து வைக்கிறான் என்று.
பலகை இடுக்கிலிருந்து தூசி என் கண்ணில் விழுந்தது.
"அக்கா, நான் எங்க நிக்கட்டும்?"
"எங்க வேணும்னாலும் நில்லு."

மாலையில் தண்ணீர் விட்டோம்.
ரப்பர் குழாய் வழியே, இரண்டு மணி நேரம்.
கட்டைக்குக் கீழே ஆணிக்கு ஆணி நூல் கட்டியிருந்தேன்,
இடைவெளி இரண்டு தீக்குச்சி.
கால் தொட்டி: இரண்டு தீக்குச்சி.
அரைத் தொட்டி: இரண்டு.
நிரம்பியபோது ஒன்றரை.
அதற்கப்புறம் நூல் அசையவில்லை.
அரோவானா ஒரு முறை நீளத்தை அளந்துவிட்டு
டிவி இருந்த பக்கம் முகத்தை வைத்துக்கொண்டது.

ஆலையில் லாரி இரண்டு முறை மேடையேறும்.
நுழையும்போது பாரத்தோடு,
வெளியேறும்போது வெறும் வண்டியாக.
கழித்தால் வருவதே கணக்கு.

காலண்டர் தாளைச் சுவரில் திரும்ப மாட்டினேன்.
இரண்டு வாரம் என்று அவன் வட்டமிட்ட தேதி
போன செவ்வாயோடு முடிந்திருந்தது.
நுழைந்த எடை எழுதியிருக்கிறேன்.
அடுத்த கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.
அவனுக்கு ஒரு தட்டு அதிகமாக எடுத்து வைத்தேன்.
கிண்ணங்கள் பேசவில்லை.