இந்தக் கிழமை வெளியேற்றம்

தருமபுரத்தில் டிஷ் பூட்டுபவன் நான்.
முதலில் பாட்டுப் போட்டிக்காகக் கேட்டார்கள்,
பிறகு ஆட்டம், சமையல்.
இப்போது வெறுமனே ஒரு வீடு.
நூறு நாள். சுவர் முழுக்கக் கமரா.
பல் தீட்டுவதைக்கூடப் பார்க்கிறோம்.

ஞாயிறு இரவு மழைக்குப் படம் அறுந்தால்
சுகிர்தமலர் அக்கா போனில் கத்துவா:
"ஆரை வெளியேத்தினவங்கள் எண்டு
இனி ஆரிட்டைக் கேக்கிறது?"

போன மாதம் ஒரு கூரையில் நிற்கையில்
மேலே ரீங்காரம்.
கலியாண வீட்டு ட்ரோன்தான்.
கால் தானாகப் பங்கரைத் தேடியது.

அப்போது வண்டு என்போம் அதை.
சோறு வடிக்கையில், கக்கூசுக்கு ஓடுகையில்
நின்று பார்க்கும்.
பார்த்தது யார், எந்த அறையில்,
தேநீர் குடித்துக்கொண்டா,
தெரியாது.
எங்களுக்கும் கிழமைக்கொரு வெளியேற்றம் இருந்தது,
ட்ராக்டரில், கூரைத் தகரத்தோடு.

இன்றைக்கு வெளியேறும் பெட்டை
கமராவைப் பார்த்துக் கையசைக்கிறாள்.
அது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

அக்கா கண்ணைத் துடைக்கிறா.
எங்கள் நம்பரிலிருந்து வோட்டுப் போகாது.
நான் வெளியே போய்
டிஷ்ஷை ஒரு விரற்கடை திருப்புகிறேன்,
முகம் வடிவாய்த் தெரியட்டும் என்று.